சிதம்பர ரகசியம்: ஊகங்களின் வரலாறு

கடலூர் மாவட்டம் சிதம்பரம் நடராசர் கோயிலின் சிற்சபையில், ஆடும் இறைவனின் திருமேனிக்குப் பக்கத்தில் திரையிட்டு வைத்திருக்கும் வெற்றிடமே சிதம்பர ரகசியம். திரையின் வெளிப்புறம் கருப்பு, உட்புறம் சிவப்பு. தீட்சிதர் திரையை விலக்கித் தீபம் காட்டும்போது அங்கே உருவம் எதுவும் இராது. பொன்னால் செய்த வில்வ மாலைகள் மட்டும் தொங்கும். ஐம்பூதத் தலங்களில் காஞ்சிபுரம் நிலத்துக்கும், திருவானைக்கா நீருக்கும், திருவண்ணாமலை நெருப்புக்கும், காளத்தி காற்றுக்கும் உரியவை. தில்லை எனப்படும் சிதம்பரம் ஆகாயத்துக்கு உரியது. இந்த வெற்றிடத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த ஊகங்கள் பல. புராணம், துப்பறியும் தொடர், அறிவியல் விளக்கம் என்று காலத்துக்கேற்ப அவை வடிவம் மாறி வந்துள்ளன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: விடை சொல்லாத இடத்தைவிட, விடை சொல்லியும் அது போதாது என்று மக்கள் எண்ணிய இடத்தில்தான் ஊகங்கள் தழைத்திருக்கின்றன.

கோயில் தந்த விடை

தில்லையில் இந்த ரகசியத்தை யாரும் ஒளித்து வைத்ததில்லை. இறைவன் உருவமாக நடராசர், உருவமும் அருவமும் கலந்ததாக ஸ்படிக லிங்கம், அருவமாக ஆகாயம் என மூன்று நிலைகளிலும் ஒரே சபையில் வழிபடப்படுகிறார். கருப்புத் திரை அறியாமை, சிவப்பு ஞானம், திரை விலகுவது அறியாமை நீங்குவது என்ற விளக்கமும் வழிவழியாக வருகிறது. சிற்சபைக் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600 என்றும், அது ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும் சொல்வது வழக்கம். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு 21,600 என்ற கணக்கு சரியாகவே வருகிறது. 72,000 ஆணிகள் உடலின் நாடிகளைக் குறிக்கும் என்பதும் இந்த வகையைச் சேர்ந்தது. மனித உடலையே கோயிலாகக் காணும் யோக மரபின் மொழி இது. முதலாம் பராந்தகன் (ஆட்சி 907–955) சபைக்குப் பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. மன்னன் வேய்ந்தது பொன். அதற்கு மூச்சு என்று பொருள் சொன்னது மரபு. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒன்று நடந்ததைச் சொல்கிறது, மற்றது நடந்ததற்குப் பொருள் காண்கிறது.

பூட்டிய அறைகள்

திரையைப் போலவே ஊகத்துக்கு இடம் தந்த பூட்டிய அறை ஒன்றும் தில்லையின் கதையில் உண்டு. உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணத்தின்படி, மூவர் பாடிய தேவார ஏடுகள் பொன்னம்பலத்தின் பக்கத்தில் முத்திரையிட்ட அறை ஒன்றில் இருந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தபோது ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். இக்காலத்துக்கு வேண்டியவை மட்டுமே எஞ்சின என்று இறைவனே அறிவித்ததாகப் புராணம் முடிகிறது. அந்த விடையோடு ஊகம் ஓயவில்லை. கிடைத்த பதிகங்களின் சிறப்பைப் பேசிய அதே மரபு, கரையானுக்குப் போன பதிகங்கள் எத்தனை ஆயிரம் என்று கணக்கிடுவதையும் விடவில்லை.

இதே மாவட்டத்தில் அடுத்த பூட்டிய அறை மேட்டுக்குப்பத்தில் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்து, 1872இல் அங்கே சத்திய ஞான சபையை நிறுவினார். தில்லையில் இருப்பது ஒரு திரை, வடலூரில் ஏழு. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்ற ஏழும் தைப்பூசத்தன்று விலக, சோதி தெரியும். திரைகள் எவற்றைக் குறிக்கின்றன என்பது அவரைப் பின்பற்றும் சன்மார்க்கத்தார் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் அவர் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்ட நிகழ்ச்சி வேறு பாதையில் போயிற்று. அதன்பின் அவரை எவரும் காணவில்லை என்று 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட அரசுக் கையேடு பதிவு செய்கிறது. ஒளியுடல் பெற்றார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதை ஏற்காதவர்கள் வேறு பல காரணங்களை ஊகித்தார்கள். இரு தரப்பும் அறையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவர் 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில் பசித்தவர்க்கு ஏன் உணவிட்டார் என்பதைப் பேசவில்லை. அவர் வெளிப்படையாகச் சொல்லிச் சென்ற விடை அந்த அடுப்பில் இருந்தது.

தொலைக்காட்சிக் காலம்

1990களில் இந்தப் பழைய வேட்கை சின்னத்திரைக்கு வந்தது. எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனும் இயக்குநர் நாகாவும் இணைந்து, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் 'மர்மதேசம்' தொடரை அளித்தனர். 'ரகசியம்', 'விடாது கருப்பு' ஆகிய பகுதிகள் ஒளிபரப்பான காலத்தில், அடுத்த வாரம் வரும்வரை கொலையாளி யார், தெய்வச் செயலா மனிதர் சூழ்ச்சியா என்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் வாதிட்டார்கள். இவர்களே 2004இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடருக்குச் 'சிதம்பர ரகசியம்' என்று பெயரிட்டு, நாடி சோதிடத்தைக் கதையின் நடுவே வைத்தனர். பகுத்தறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடம் விட்டு, தீர்ப்பைப் பார்ப்பவரிடமே ஒப்படைப்பது 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் பாணி.

அதே 2004 செப்டம்பரில் அமெரிக்காவில் 'லாஸ்ட்' தொடங்கியது. விமான விபத்தில் தப்பித் தீவொன்றில் ஒதுங்கியவர்களின் கதை அது. அவர்கள் எல்லாரும் முன்பே இறந்துவிட்டவர்கள், தீவு என்பது உயிர்கள் தங்கும் இடைநிலை உலகம் என்ற ஊகம் தொடக்கத்திலேயே பரவியது. தொடரை உருவாக்கியவர்கள் அதை மறுத்தனர். 2010 மே 23 அன்று வந்த இறுதிப் பகுதியில், தீவில் நடந்தவை அனைத்தும் உண்மையாக நடந்தவை என்று கதைமாந்தர் ஒருவரே சொல்கிறார். ஆனால் முடிவில் பெயர்கள் ஓடும்போது ஆளில்லாத விமானச் சிதைவின் காட்சிகளை ஒளிபரப்பு நிறுவனம் சேர்த்திருந்தது. எல்லாரும் முதலிலேயே இறந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று என்று பலர் முடிவு கட்டினர். கதைக்குள் சொன்ன விடையைக் கதைக்கு வெளியே இருந்த ஒரு படம் வென்றுவிட்டது. சிதம்பரத்தில் நடந்ததும் இதுதான்.

அறிவியல் உடை

இன்று மிகுதியாகப் பரவியுள்ள ஊகம், நடராசரின் கால் பெருவிரல் உலகக் காந்த நடுவரையின் மையப் புள்ளியில் இருக்கிறது என்பது. நடுவரை என்பது பூமியைச் சுற்றிவரும் கோடு; அதில் மையப் புள்ளி என்று ஒன்று இருக்க முடியாது. அந்தக் கோடும் சிதம்பரம் வழியே போகவில்லை. இந்தியாவின் தென்கோடியைக் கடந்து செல்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவை ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை அங்கிருந்து விட்டதற்கு, காந்த நடுவரைக்கு அவ்வூர் அருகில் இருந்ததே காரணம். சிதம்பரம் தும்பாவுக்கு ஏறத்தாழ மூன்று பாகை, அதாவது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ளது. காந்த நடுவரை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம் மாறுவதும் உண்டு.

காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் உள்ளன என்பது இதைவிட வலுவான கூற்று. மூன்று கோயில்களும் கிழக்கு 79 பாகை 42 கலையை ஒட்டியே இருக்கின்றன, அது உண்மை. ஆனால் ஐம்பூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை அந்தக் கோட்டுக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கிறது; திருவானைக்கா நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே. பொருந்திய மூன்றை எண்ணிப் பொருந்தாத இரண்டை விட்டுவிடுவது சான்றாகாது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் 2004 சூன் 18 அன்று திறக்கப்பட்ட நடராசர் சிலையையும் சான்றாகக் காட்டுவார்கள். அது இந்திய அரசின் அன்பளிப்பு. ஆனந்த குமாரசாமி 1918இல் வெளியிட்ட நூலும், ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975இல் எழுதிய நூலும் அந்த ஆடலை இயற்பியலாளர் அறியச் செய்தன. அவர்கள் சொன்னது உவமை. எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

மறுப்புகளும் விடைகளும்

திரைக்கு மரபு சொன்ன பொருளும் ஊகந்தானே, பழைய ஊகத்தை ஏற்றுப் புதியதை மட்டும் ஏன் தள்ள வேண்டும் என்று கேட்கலாம். பொருள் சொல்வது வேறு, தகவல் சொல்வது வேறு. திரை அறியாமையைக் குறிக்கும் என்பதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். அதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. காந்தப் புள்ளி என்பது கருவி வைத்துச் சோதிக்கத்தக்க கூற்று, அந்தச் சோதனையில் அது தோற்கிறது. கதை தன்னைக் கதை என்று சொல்லிக்கொள்வதால் தொலைக்காட்சித் தொடரின் மீதும் இந்தக் குறையைச் சுமத்த முடியாது.

கோயிலுக்குப் பெருமை சேர்க்கும் நம்பிக்கையால் என்ன கெடுதி என்பது அடுத்த கேள்வி. பொய்ப் பெருமை மெய்ப் பெருமையை மறைக்கிறது என்பதே கெடுதி. பரத சாத்திரம் கூறும் 108 கரணங்களைச் சிதம்பரம் கோபுர வாயில்களில் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆடற்கலை வரலாற்றில் அதற்கு இணையான சான்றுகள் மிகச் சில. பெருவிரலைப் பற்றிக் கேள்விப்பட்டு வருபவர்களில் பலர் அந்த வாயிலை அண்ணாந்து பாராமலே கடந்து போகிறார்கள். விளக்கம் சொன்னால் வியப்பு குறைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இங்கே இடமில்லை. வெற்றிடம் என்று தெரிந்த பின்னும் பல நூற்றாண்டுகளாக மக்கள் அந்தத் திரைக்கு முன் கைகூப்பி நிற்கிறார்கள். தீர்க்க முடியாத புதிரைக் குறிக்க ஊரார் சிதம்பர ரகசியம் என்கிறார்கள். கோயிலோ நாள்தோறும் திரையை விலக்கி அதைக் காட்டுகிறது. எந்த உருவத்திலும் அடங்காதது இறைமை என்பதே அது காட்டும் விடை. அந்த விடையை மறுப்பவரும் அதை முதலில் கேட்டுவிட்டு மறுப்பதே முறை. கேளாமல் வேறொன்றைத் தேடுவதிலிருந்துதான் இங்கே ஊகங்கள் பெருகியிருக்கின்றன.