கிள்ளான் ஆறு கலங்கிய வரலாறு

கோலாலம்பூர் ஜாமெக் பள்ளிவாசலின் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்றன. 1857-ஆம் ஆண்டில் ஈயம் தேடிப் படகேறி வந்த 87 சீனத் தொழிலாளர்கள் கரையிறங்கிய இடம் அது. ஒரு மாதத்திற்குள் அவர்களில் பெரும்பாலோரை மலேரியா கொண்டு போயிற்று. ஆயினும் அம்பாங்கில் ஈயம் கிடைத்துவிட்டது.

ஈயம் எடுக்க மண்ணைத் தண்ணீரால் அலச வேண்டும். கனமான ஈயம் அடியில் தங்கும். மணலும் களியும் ஆற்றோடு போகும். இப்படிப் பல்லாண்டு போனதால் ஆற்றுப் படுகை மேடேறி, வெள்ளம் கரை மீறுவது எளிதாயிற்று. 1926-இல் நகரமே மூழ்கியது.

1886-இல் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியதும் சரக்குப் படகுகளுக்கு வேலை குறைந்தது. அதுவரை ஊரின் வாசலாக இருந்த ஆறு, அதன்பின் கொல்லைப்புறமாயிற்று என்றே சொல்லலாம். இரயில்வேயில் வேலை செய்த நம்மவர் பலர் குடியேறிய பிரிக்பீல்ட்ஸ், செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்தப் பகுதி, இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது.

நமது தோட்டத் தொழில்களும் நாட்டின் ஆறுகளைக் கெடுத்ததுண்டு. ரப்பர்ப் பாலை உறைய வைத்த புளித்த நீர் ஓடையில் இறங்கியது. செம்பனை ஆலைக் கழிவோ அதைவிடக் கொடியது. அதில் நஞ்சு இருப்பதாக நினைக்க வேண்டாம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள உயிர்க்காற்றைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. தீர்ந்துபோகும் உயிர்க்காற்றை அளந்து பார்த்தால், ஆலையிலிருந்து அப்படியே வரும் கழிவில் லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் வரும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977-இல் விதிகள் பிறந்தன. 1978-இல் 5,000 வரை விடலாம் என்ற அளவு, படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆயிற்று. ஆலைகள் கழிவைக் குளம் குளமாகத் தேக்கி, நுண்ணுயிர்களையே கொண்டு செரிக்க வைத்தன. ஆலைகளை மூடாமலே செய்த காரியம் இது!

ஆலைக்கு வாய்க்கால் ஒன்றிரண்டு. அதிகாரி வந்து அளந்துவிடலாம். நகரத்தில் அப்படி முடியுமா? உணவுக்கடை எண்ணெய், சந்தைக் கழிவு, வீட்டுச் சாக்கடை, கட்டடம் எழுப்பும் இடத்து மண் என ஆயிரம் வாய்கள். 1958-இல் எழுந்த கிள்ளான் கேட்ஸ் அணையில் குடிநீராக நிற்கும் அதே ஆறு, சில மைல் கீழே வருவதற்குள் தொட அஞ்சும் நீராகிவிடுகிறது. கடலுக்கு அருகே, கிள்ளானில், 2019-இல் குப்பை அள்ளும் மிதவை இயந்திரம் ஒன்றை நிறுத்தினார்கள். அது நெகிழிப் புட்டிகளைப் பிடிக்கும். தண்ணீரோடு கலந்துவிட்ட சாக்கடையைப் பிடிக்காது.