பல் அடிக்கும் தந்தி

உறைபனி விழும் மார்கழி விடியலில் உதகை அருகே உள்ள லவ்டேல் ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் வாயில் தானாக வரும் பேச்சு: “குளிர்ல பல்லு தந்தி அடிக்குது.” இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 15 முதல் இல்லை. சேவை போன பிறகும் சொல் எப்படி நிலைத்தது?

தந்தி, வடமொழித் ‘தந்த்ரீ’யிலிருந்து வந்தது, இசைக்கருவியின் கம்பி என்பது பொருள். சங்கப் பாடல்களின் யாழுக்கு நரம்பு. பின்னாளில் வீணைக்குத் தந்தி. 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஓஷானஸி கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே மின்கம்பித் தொடர்பை நிறுவினார். 1855இல் அந்தச் சேவை பொதுமக்களுக்கும் கிடைத்தது.

செய்தி கொண்டுசெல்லும் கம்பிக்குத் தமிழர் வீணைக் கம்பியின் பெயரையே வைத்தார்கள். பெயர் அங்கே நிற்கவில்லை. கம்பியிலிருந்து செய்திக்குத் தாவியது. “தந்தி வந்திருக்கு” என்றால் வந்தது காகிதம். அதனால் கம்பியைக் குறிக்க இன்னொரு சொல் தேவைப்பட்டு, ‘தந்திக்கம்பி’ பிறந்தது. முதற்பொருளின்படி இது ‘கம்பிக்கம்பி’. யாருக்கும் அப்படித் தோன்றவில்லை என்பதே சொல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்குச் சான்று. கிராமங்களில் தந்தி என்றாலே சாவுச் செய்தியோ என்ற பதைப்பு இருந்தது. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழுக்கோ விரைவின் அடையாளமாக அதுவே பெயரானது.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். வீணைத் தந்தியை மீட்டுகிறோம், கடிதம் போடுகிறோம், தந்தியை மட்டும் அடித்தோம். காரணம் மோர்ஸ் கருவி. விசையை விரலால் தட்டினால் மறுமுனையில் ஓர் இரும்புத் துண்டு ‘டக்’கென்று இறங்கும், விட்டால் மீண்டும் ‘டக்’கென்று எழும். இரண்டு ஒலிக்கும் இடைவெளி குறுகியிருந்தால் புள்ளி. அதைப்போல் மூன்று மடங்கு நீண்டால் கோடு. ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘ஈ’ எழுத்துக்கு ஒரே புள்ளி, ‘டீ’க்கு ஒரே கோடு. தேர்ந்த ஊழியர் இந்த ஒலியைக் காதால் கேட்டே செய்தியை எழுதிவிடுவார். தந்தி ஆபீசில் ஓயாது கேட்ட அந்தக் கடகடப்புத்தான் குளிரில் மோதும் பற்களுக்குப் பொருந்தியது.

2017இல் வெளியான ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ அறிவியல் புனைவுத் தொடரின் இரண்டாம் பருவம், அந்தத் தட்டல் ஒலியே தந்தியாகிவிட்டது என்பதற்கு நல்ல சான்று. வேற்றுலக உயிரின் பிடியில் சிக்கிய சிறுவன் வில், நாற்காலியில் கட்டுண்டிருக்கிறான். வாய் அவன் வசம் இல்லை. விரல் மட்டும் நாற்காலியைத் தட்டுகிறது. அந்தத் தட்டல் மோர்ஸ் என்று காவல்துறைத் தலைவர் ஹாப்பர் கண்டுகொள்கிறார். எழுத்துகளைச் சேர்த்தால், ‘வாயிலை மூடு’. கம்பியில்லை, மின்சாரமில்லை, காகிதமில்லை. ஆனாலும் இதைத் தமிழில் சொல்ல ‘விரல் தந்தி அடித்தது’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை.

கம்பியாய்ப் பிறந்து செய்தியாய் வளர்ந்த சொல், கடைசியில் தாளமாய் நிலைத்தது. கம்பியும் காகிதமும் போன பின்னும் அது வாழ்வதற்கு இதுவே காரணம். மலையூர்களின் தபால், ரயில் நிலையங்களில் விசை தட்டிய கைகள் இன்று முதுமையில் இருக்கின்றன. அந்த ஊழியர்கள் தம் வேலைக்கு வழங்கிய சொற்களை அவர்களிடமே கேட்டு இப்போதே எழுதிவைக்க வேண்டும். நம் அகராதிகளில் அவற்றுக்கு இடம் வேண்டும்.