பொம்மைக் கண்ணிலிருந்து பிள்ளைக் கண்ணுக்கு

மதுரையில் செயற்கைக் கண் செய்கிறேன். அதற்கு முன் பல் செட் கட்டும் வேலை பார்த்தேன். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் இந்தத் தொழிலின் கதையைத்தான் சொல்வேன்.

ஜெர்மனியின் துரிங்கியா மலைகளுக்கு நடுவே லவுஷா என்று ஓர் ஊர். கண்ணாடி ஊதுவதுதான் அங்கே பிழைப்பு. பொம்மைகளுக்குக் கண் செய்துகொண்டிருந்த லுட்விக் முல்லர்-ஊரி 1835-இல் மனிதர்களுக்கும் செய்யத் தொடங்கினார். அன்றைய கண்ணாடி கண்ணீரில் ஊறிச் சீக்கிரமே சொரசொரத்துப் போகும். இமையின் உட்பக்கத்தை உறுத்தும். 1868-இல் கிரையோலைட் என்ற தாதுவைச் சேர்த்து உருக்கிய வெண்கண்ணாடி வந்த பிறகுதான் நிம்மதியாக அணியக்கூடிய கண் கிடைத்தது. அதன்பின் பல நாடுகள் ஜெர்மன் கண்ணாடியையே நம்பியிருந்தன.

இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றது. கண் இழந்த சிப்பாய்கள் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். கைகொடுத்தவர்கள் அமெரிக்க ராணுவத்தின் பல் மருத்துவர்கள். எர்ஃப், வர்ட்ஸ், டீட்ஸ் மூவரும் பல் செட்டுக்குப் பயன்படும் அக்ரிலிக்கிலேயே கண் செய்யும் முறையை உருவாக்கினார்கள். அச்செடுப்பது, மெழுகில் வடிப்பது, பிளாஸ்கில் வைத்து வேகவைப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் நான் ஏற்கெனவே செய்துவந்த வேலைதான். புதிதாகப் படித்தது கருவிழிக்கு வண்ணம் தீட்டுவதும், வெள்ளை விழியில் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து நரம்பு ஓட்டுவதும்.

என்னிடம் வருபவர்கள் சிப்பாய்கள் அல்ல, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். விழித்திரையில் புற்றுநோய், ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். "ராத்திரியில கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னுச்சு சார்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். கண்ணைச் சீக்கிரமே எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்று 1809-இலேயே எழுதியவர் எடின்பரோவின் ஜேம்ஸ் வார்ட்ராப். ஆனால் ஈதர் மயக்க மருந்து 1846-இல்தான் வந்தது. அதுவரை அந்தப் பிள்ளையை மேசையில் யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? அம்மாவா, அப்பாவா? அவர்களைப் பிறகு யார் தேற்றினார்கள்? இந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை.

இன்று பல கண்களைக் காப்பாற்ற முடிகிறது. கட்டி கண்ணை நிறைத்துவிட்டால் மட்டும் எடுத்தாக வேண்டியிருக்கிறது. எடுத்த இடம் வெறுமையாகக் கிடந்தால் கண்குழி எலும்பு சரியாக வளராது, முகம் ஒரு பக்கம் சிறுத்துவிடும். அதனால் உள்ளே ஒரு உருண்டை வைத்து, மேலே நான் செய்யும் கண்ணைப் பொருத்தி, பிள்ளை வளர வளர அதையும் பெரிதாக்க வேண்டும். டப்பாவிலிருந்து ஏதோ ஒரு ரெடிமேட் கண்ணை எடுத்து மாட்டி அனுப்புவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பிள்ளைகளின் பழுப்பு விழியில் எத்தனை பழுப்பு இருக்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

வரையும்போதுதான் வீட்டுப் பேச்சு வெளியே வரும். "உங்க வழியிலதான் இது வந்திருக்கு" என்று மாமியார் சொன்னதைச் சொல்லி அழுவார்கள். 1986-இல் இந்த நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது அப்பா வழியிலும் வரலாம், அம்மா வழியிலும் வரலாம். பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததே இல்லை. இதை விளக்கிச் சொல்லச் சொல்லி மறுபடியும் டாக்டரிடம் அனுப்புவேன். தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் காட்டச் சொல்வேன். கண்ணைக் கழற்றிக் கழுவி மாட்டும் பாடத்தை அப்பாவுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பாரம் அம்மாவின் தலையில் மட்டும் விழக்கூடாது.

சிப்பாய்களுக்கு ஒரு ராணுவமே பின்னால் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள்தான் கூடி நிற்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1987-இல் பெற்றோர்களும் ஒரு மருத்துவரும் சேர்ந்து ரெட்டினோபிளாஸ்டோமா சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அது வேறு பெயரில் நடக்கிறது. சங்கம் நடத்த எனக்குத் தெரியாது. கண் பொருத்தி முடித்ததும் ஒன்று மட்டும் கேட்பேன்: "புதுசா ஒரு குடும்பம் வந்தா கூப்பிடுறேன், வந்து பேசுவீங்களா?" தேனியிலிருந்து ஒரு அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார். அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்பு. புதிதாக வந்தவர்கள் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்தக் கண் பாப்பா?