வரைபடத்தில் ஓடும் நீலக்கோடு: கபினியை நஞ்சன்கூடு வழியாக வரைவது எப்படி?

காவிரி பற்றிய வீடியோக்களில் வரைபடத்தின் மேல் ஒரு நீலக்கோடு தானாக வளர்ந்துகொண்டே போகுமே, பார்த்திருப்பீர்கள். மோஷன் கிராஃபிக்ஸில் மிக எளிய வேலைகளில் அதுவும் ஒன்று. தப்பாகச் செய்வதும் அதே அளவு எளிது. கோடு நகர ஆரம்பித்ததுமே திசை, வேகம், காலம் மூன்றையும் பார்ப்பவரிடம் சொல்லிவிடுகிறது, நீங்கள் அதைச் சொல்ல நினைத்திருக்காவிட்டாலும்.

கபினியை எடுத்துக்கொள்வோம். வயநாட்டில் பிறந்து, கர்நாடகத்தில் பீச்சனஹள்ளி அணையில் தேங்கி (கொள்ளளவு 19.52 டிஎம்சி), நஞ்சன்கூடு வழியாகப் போய், திருமகூடலு நரசிபுராவில் காவிரியோடு சேர்கிறது. அணையில் அதிகமாகத் தண்ணீர் திறந்தால் நஞ்சன்கூட்டின் கரையோரம் மூழ்கும். 2019 ஆகஸ்ட்டில் மைசூர் சாலையிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. அதே தண்ணீர்தான் பிறகு மேட்டூருக்கு வருகிறது. ஆக, இந்தக் கோட்டை இரண்டு மாநிலத்துக்காரர்களும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள்.

கோடு எப்படி வளர்கிறது?

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு ஷேப் லேயர் திறந்து, பென் டூலால் ஆற்றின் மேலேயே வரையுங்கள். ஸ்ட்ரோக் மட்டும் போதும், ஃபில் வேண்டாம். இருந்தால் பாதி வளர்ந்த கோட்டின் இரு முனைகளுக்கு நடுவே நிறம் அப்பிக்கொண்டு ஆறு ஏரியாகிவிடும். அடுத்து ‘ஆட்’ மெனுவில் ‘ட்ரிம் பாத்ஸ்’. அதில் ‘எண்ட்’ மதிப்புக்கு 0 சதவீதத்தில் ஒரு கீஃப்ரேம், மூன்று விநாடி கழித்து 100-இல் இன்னொன்று. அவ்வளவுதான், ஆறு ஓட ஆரம்பிச்சிடும்.

நீங்கள் முதலில் வைத்த புள்ளிதான் 0 சதவீதம். நரசிபுராவிலிருந்து வரையத் தொடங்கியிருந்தால் தண்ணீர் வயநாட்டு மலை ஏறும்! பாத் பக்கத்தில் இருக்கும் திசை பட்டனை மாற்றினால் சரியாகிவிடும். ரெடிமேட் வரைபடத் தரவிலிருந்து எடுத்தால் ஒரே ஆறு பல துண்டுகளாக வரும். எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வளரும், பார்க்க ஆறு மாதிரியே இருக்காது. ட்ரிம் பாத்ஸில் ‘சைமல்டேனியஸ்லி’ என்பதை ‘இண்டிவிஜுவலி’ ஆக்குங்கள். துண்டுகளின் வரிசையையும் ஒவ்வொன்றின் திசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதே உத்தியை கிராஃபுக்குப் போடலாமா?

வேண்டாம். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் பிலிகுண்டுலுவில் அளந்து தரப்பட வேண்டும். அங்கே தினமும் வந்த தண்ணீரை லைன் கிராஃபாக ஓடவிடுகிறீர்கள் என்று வையுங்கள். ட்ரிம் பாத்ஸ் கணக்கிடுவது கோட்டின் நீளத்தைத்தான், நாட்களை அல்ல. வெள்ள வாரத்தில் கோடு செங்குத்தாக ஏறி இறங்குவதால் அங்கே நீளம் அதிகம், முனை அங்கேயே நேரம் எடுத்துக்கொள்ளும். தட்டையாகக் கிடக்கும் வறண்ட மாதங்கள் சட்டென்று ஓடிப்போகும். தரவில் ஓர் எண்கூடத் தப்பில்லை, ஆனாலும் வெள்ளம் நீண்டதாகவும் வறட்சி குட்டையாகவும் மனதில் பதியும். காவிரி விஷயத்தில் இது சின்ன விஷயமா?

இதற்கு வழி, முழுக் கோட்டையும் முதலிலேயே வரைந்து வைத்து, அதன் மேல் ஒரு செவ்வக மாஸ்க் போட்டு, இடமிருந்து வலமாகச் சீராக விரிப்பது. கீஃப்ரேம்கள் லீனியராகவே இருக்கட்டும். ‘ஈஸி ஈஸ்’ கொடுத்தால் நடு மாதங்கள் வேகமாக ஓடிவிடும். ஆற்றுக் கோட்டுக்கு அது அழகு, தேதி அச்சுக்கு ஆகாது. ஆற்றின் பக்கத்தில் கடிகாரம் காட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும், அணை, நஞ்சன்கூடு, நரசிபுரா என ஒவ்வோர் இடத்துக்கும் தண்ணீர் போய்ச்சேர்ந்த நேரத்தில் தனித்தனிக் கீஃப்ரேம் வையுங்கள்.

தலைப்பில் ‘நஞ்சன்கூடு’ என்று கையால் எழுதுவது போலக் காட்டணுமா? எழுத்துருவை ஷேப்பாக மாற்றினால் கிடைப்பது வெளிக்கோடு மட்டும், அதில் ட்ரிம் பாத்ஸ் எழுத்தைச் சுற்றிச் சுற்றி வரும். எழுத்தின் நடுவே பேனா போகும் வழியில் தடிமனான ஸ்ட்ரோக் வரைந்து, அதை மேட்டாக வையுங்கள். ‘ஞ’ போல வளைந்து தன்னையே நெருங்கும் எழுத்துகளில் பக்கத்துப் பகுதி முன்கூட்டியே எட்டிப்பார்க்கும், அதனால் அவற்றை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘ஞ்’, ‘ன்’ இரண்டுக்கும் புள்ளிகள் தனி லேயரில், எழுத்து முடிந்த பிறகு விழட்டும்.