பொருள் வரும் பாதை எங்கே குறுகும்? டீட்டிகோனிலிருந்து ஒரு கணக்கு

டீட்டிகோனுக்கும் கில்வாங்கனுக்கும் இடையே பரந்து கிடக்கும் லிமத்தால் சரக்குத் தொடருந்து நிலையம் 1978 முதல் இயங்குகிறது. பல திசைகளிலிருந்து வரும் பெட்டிகள் இங்கே பிரிக்கப்பட்டு, சேரும் ஊருக்கேற்ப மீண்டும் இணைக்கப்படுகின்றன. சுவிஸில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாரஊர்திகளுக்குத் தடை உள்ளதால், இரவுச் சரக்கு பெரிதும் தண்டவாளத்தையே நம்பியுள்ளது.

இந்த வழங்கல் சங்கிலியை மாற்றக்கூடியவையாக இன்று பேசப்படுபவை இரண்டு: திறன் நகரம், உள்ளூர் உற்பத்தி. இரண்டுக்கும் எமது அயலிலேயே உதாரணம் உண்டு.

முதலாவது, 'கார்கோ சூ தெரேன்' எனும் நிலக்கீழ் சரக்குப் பாதைத் திட்டம். ஹேர்கிங்கன் பகுதியிலிருந்து சூரிச் வரை 70 கிலோமீற்றர் சுரங்கத்தில், ஆளில்லா வண்டிகள் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இரவுபகலாக ஓடுவதே எண்ணம். அதற்கான சட்டம் 01.08.2022 இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முதற்கட்டத்துக்கே சில பில்லியன் பிராங் தேவை. பாதையோர நகரங்களும் கேள்வி எழுப்பின. 2024 இறுதியில் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்து திட்டத்தை மீளாய்வுக்கு எடுத்தது.

இரண்டாவது, டீட்டிகோனில் உள்ள லிமெக்கோ. குப்பையை எரித்துப் பெறும் மின்சாரத்தால் இங்கே நீரிலிருந்து ஐதரசன் பிரிக்கப்படுகிறது. கழிவுநீர் நிலையத்தின் வாயுவில் உள்ள காபனீரொட்சைட்டுடன் அதைச் சேர்த்து, நுண்ணுயிர்கள் மூலம் மெதேன் ஆக்குகிறார்கள். 2022 முதல் இது எரிவாயுக் குழாய்களில் செல்கிறது. மூலப்பொருள் தினமும் வாசலுக்கே வருகிறது; உற்பத்தி குழாய் வழியே போகிறது. உள்ளூர் உற்பத்தி நிலைப்பது இப்படியான இடத்தில்தான்.

எமது கடைகளுக்கு இதில் என்ன பாடம்? 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வந்தன. பயணம் சுமார் 10 நாள் நீண்டது. ஒரு கொள்கலன் சரக்கு 60,000 பிராங், வட்டி ஆண்டுக்கு 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 நாள் தாமதத்தின் வட்டி ஏறத்தாழ 82 பிராங் மட்டுமே. ஆனால் அடுத்த கப்பல் எப்போது வருமோ என்ற பயத்தில் ஒரு கொள்கலன் சரக்கை எப்போதும் மேலதிகமாக வைத்திருந்தால், ஆண்டு வட்டி 3,000 பிராங். களஞ்சிய வாடகையும் காலாவதியாகும் பொருளும் வேறு. ஆக, கடைக்காரரைத் தின்பது தூரமல்ல, நிச்சயமின்மை.

அரிசியை டீட்டிகோனில் விளைவிக்க முடியாது. ஆனால் கடைசிக் கட்டத்தை இங்கே செய்யலாம். முழு மிளகாயும் மல்லியும் தூளைவிட நீண்ட காலம் மணம் குன்றாமல் இருக்கும். அவற்றை இருப்பில் வைத்து, விற்பனையைப் பார்த்து வாரந்தோறும் வறுத்து அரைத்தால், ஒரே மூட்டையிலிருந்து மிளகாய்த்தூளும் வரும், கறித்தூளும் வரும். விற்காத பொதிகள் குறையும். தோசைமா, இடியப்பமாவுக்கும் இதுவே கணக்கு. ஆனால் உணவு உற்பத்தி தொடங்குபவர் மாநில உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் பதிவுசெய்து, சுயகட்டுப்பாட்டு ஆவணங்களையும் பேணவேண்டும். இயந்திரம், வாடகை, கூலி மூன்றையும் தனித்து ஏற்பது சிறு கடைக்குப் பாரம். நாலைந்து கடைகள் சேர்ந்து ஓர் ஆலை வைத்தால் அது தாங்கும்.

வேலை பற்றியும் பெற்றோர் யோசிக்கவேண்டும். களஞ்சியங்களில் பொருள் தூக்கி அடுக்கும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு வருகின்றன. அந்த இயந்திரங்களை இயக்கவும் பழுதுபார்க்கவும் ஆட்கள் தேவை. சுவிஸில் களஞ்சிய, விநியோகத் துறைக்கான தொழிற்பயிற்சி 3 ஆண்டு. தானியங்கித் தொழில்நுட்பத்துக்கு 4 ஆண்டு. வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு கதவுகளை மட்டும் பிள்ளைக்குக் காட்டும் வீடுகளில், இந்தக் கதவையும் திறந்து காட்டலாம்.