கழிமுகம் தாண்டிய தொலைபேசி: திருகோணமலைத் தென்கரையில் சிடிஎம்ஏ

திருகோணமலை மாவட்டத்தின் தென்கரை, கொட்டியாரக் குடாவில் தொடங்கி மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று ஆகியவற்றைக் கடந்து, இலங்கைத்துறை முகத்துவாரத்தையும் வெருகலாற்றையும் தொட்டு முடிகிறது. மகாவலியின் கிளைகளும் களப்பு வாய்களும் இக்கரையைத் துண்டாடியிருப்பதால், 2011 இல் ஏ15 வீதியின் புதிய பாலங்கள் திறக்கப்படும் வரை, கிழக்கில் 'பாதை' என வழங்கும் மிதவையில் ஏறியே மக்கள் பல துறைகளைக் கடந்தனர். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு இத்தகைய நிலம் இணங்கவில்லை. கம்பம் நடுவதற்குப் போரும் இடம்தரவில்லை. 1980களில் நிறுவப்பட்ட ஜெர்மானிய டொய்ச்ச வெல்ல வானொலியின் அஞ்சல் நிலையம் நகருக்கு வடக்கிலிருந்து ஆசியா முழுவதற்கும் சிற்றலை பரப்பிக்கொண்டிருந்தபோது, அதே மாவட்டத்தின் தென்கரைக் கிராமங்களில் வீட்டுத் தொலைபேசி அரும்பொருளாகவே இருந்தது.

அந்த அருமையைப் போக்கியது, தொலைதேசத்துச் சிப் நிறுவனங்களின் போட்டியில் உலக அளவில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு நியமம் என்பதே இவ்வரலாற்றில் கவனத்துக்குரியது. நியமம் என்பது, கருவியும் கோபுரமும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான பொது விதித்தொகுதி. ஐரோப்பாவில் உருவாகி 1991 இல் பின்லாந்தில் சேவைக்கு வந்த ஜிஎஸ்எம், ஒரே மீடிறனை எட்டுக் காலக்கூறுகளாகப் பகுத்து ஒவ்வொரு பேச்சுக்கும் ஒன்றை அளித்தது. அல்லைக் குடியேற்றத்து வயல்காரர் ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதை ஒத்தது இது. அமெரிக்காவின் குவால்கொம் வளர்த்து, 1993 இல் அந்நாட்டில் நியமமாக ஏற்கப்பட்ட சிடிஎம்ஏ முறையில் முறைவைப்பு இல்லை. எல்லாப் பேச்சுகளும் ஒரே அகன்ற மீடிறனில் ஒருங்கே செல்ல, ஒவ்வொன்றுக்கும் இடப்பட்ட குறியீட்டைக் கொண்டு கருவியிலுள்ள சிப் தனக்குரியதைப் பிரித்தெடுக்கும். அலையைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில் சிடிஎம்ஏ சிறந்தது என்றே கொள்ளலாம். ஆயினும் வணிகத்தில் வேறு கணக்கு நின்றது: ஜிஎஸ்எம் சிப்களை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இன்பினியன், பிலிப்ஸ் எனப் பலரும் செய்து விலையைக் குறைத்தனர், சிடிஎம்ஏயிலோ முக்கிய காப்புரிமைகளும் பெரும்பாலான சிப்களும் குவால்கொம் ஒன்றிடமே குவிந்திருந்தன.

இலங்கையின் கைத்தொலைபேசிச் சந்தை ஜிஎஸ்எம் பக்கமே சாய்ந்தது. 1989 இல் செல்டெல்லும் 1993 இல் மொபிடெல்லும் பழைய அனலாக் முறையில் தொடங்க, பின்னர் டயலொக் எனப் பெயர்பெற்ற வலையமைப்பு 1995 இல் ஜிஎஸ்எம்மைக் கொண்டுவந்தது. 2004 இல் மொபிடெல்லும் அதற்கு மாறியது. முன்வாசல் அடைபட்ட சிடிஎம்ஏ, நிலையான தொலைபேசி என்ற பக்கவாசலால் உள்ளே வந்தது. 1996 முதல் கம்பியில்லா நிலைத்தொலைபேசி உரிமம் பெற்றிருந்த லங்கா பெல், சன்டெல் ஆகியவற்றோடு ஸ்ரீலங்கா டெலிகொமும் 2005 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நியமத்தைக் கைக்கொண்டது. நாட்டில் 2005 இல் ஏறத்தாழ 12 லட்சமாக இருந்த நிலையான இணைப்புகள் 2008 இறுதியில் 34 லட்சத்தைத் தாண்டின; ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கம்பி செய்யாததை மூன்றாண்டுகளில் அலை செய்தது என்பது மிகையன்று.

அந்தச் சிடிஎம்ஏ நிலைத்தொலைபேசிக் கருவியைச் சற்றே நெருங்கிப் பார்க்க வேண்டும். மேசைமீது வைக்கும் சாதாரணத் தொலைபேசி போன்ற உருவம், முதுகில் விரல் நீளத்துக்கு ஓர் அன்ரனா, சிறு திரை, மின்சாரம் நின்றாலும் சில மணிநேரம் தாங்கும் பற்றரி. ஹுவாவே, இசட்டிஇ போன்ற சீன நிறுவனங்கள் இதனை மலிவாகச் செய்து குவித்தன. கோபுரம் தொலைவிலிருந்த ஊர்களில், மீன்முள் வடிவான வெளி அன்ரனாவைக் கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டி, கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பி, கம்பியை ஓட்டிடுக்கால் உள்ளே இறக்குவர். உரிமத்தின்படி அது நிலையான தொலைபேசி; அதை ஓரிடத்தில் கட்டிவைக்கும் கம்பி எதுவும் அதனிடம் இல்லை. 2006 இல் மாவிலாற்றுப் பிணக்கோடு மூண்ட போரில் ஊர்விட்டுப் பெயர்ந்து, 2007 முதல் சம்பூர் நீங்கலாகப் படிப்படியாக மீளக் குடியமர்ந்த மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று மக்களைப் போன்றோருக்கு இதனினும் பொருத்தமான தொலைபேசி அக்காலத்தில் இருந்திருக்க முடியாது.

ஆனால் சிப் நிறுவனங்களின் அடுத்த போட்டி அதற்குள் தொடங்கியிருந்தது. அதிவேக இணையத்துக்காக இன்டெல் வைமாக்ஸ் என்ற நியமத்தை முன்னிறுத்த, குவால்கொம் தான் வளர்த்த மாற்று நியமத்தை 2008 இல் கைவிட்டு வைமாக்ஸுக்குப் போட்டியான எல்டிஇ நியமத்தின் பக்கம் சேர்ந்தது. 2010 இல் இந்திய ஏலத்தில் கேரளம் உட்பட நான்கு தொலைத்தொடர்பு வட்டங்களின் அலைவரிசையைத் தானே விலைக்கு வாங்கி, எல்டிஇக்கு அங்கே இடம்பிடித்தது. இலங்கையில் டயலொக்கும் பிறரும் வைமாக்ஸில் முதலிட்டிருந்தனர். 2012 இல் சன்டெல்லை டயலொக் வாங்கியது; 2013 ஐ ஒட்டி எல்டிஇ பரவியது; அதன்பின் சிடிஎம்ஏ வாடிக்கையாளர்கள் எல்டிஇ பெட்டிகளுக்கு மாற்றப்பட்டனர்.

இம்மாற்றத்தின் சுமை எல்லோர்மீதும் ஒரேயளவாக விழவில்லை. ஜிஎஸ்எம் கைத்தொலைபேசி வைத்திருந்தவர் சிம்மைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டு அதே இலக்கத்தில் பேசினார். சிடிஎம்ஏ மேசைத் தொலைபேசியோ பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டு வந்ததால், கோபுரத்தில் அந்த அலை நின்றதும் நல்ல நிலையிலிருந்த கருவியும் அலுமாரிக்கு மேலே போயிற்று. கூரைமேல் திசைபார்த்து நிறுத்திய மீன்முள் அன்ரனாவைக் கழற்றுவதற்கு ஒருவரும் வரவில்லை.