முத்துக் கரையில் கம்பளிச் சட்டை

வெனிஸ் நகரத்து வியாபாரி மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நம் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்து போனார். பார்த்ததையும் கேட்டதையும் கலந்து அவர் சொல்லி வைத்த சேதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தச் சீமை முழுவதும் தேடினாலும் ஒரு தையற்காரன் அகப்பட மாட்டானாம். தைத்துப் போட்டுக்கொள்ளுகிற வழக்கமே இங்கே யாருக்கும் இல்லையாம். அரசனுக்கும் இடுப்பில் ஒரு துணிதான். கழுத்தில் மட்டும் முத்தும் மணியும் நிறைந்து கிடக்குமாம். வெனிஸ் குளிரில் பிறந்தவருக்கு அது அதிசயம். சித்திரை மாதத்தில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் நின்று பார்க்கிற நமக்கோ, அரசன் புத்திசாலி என்றுதான் தோன்றும்.

அவர் வர்ணித்த காயல் துறைமுகத்தின் பக்கத்துச் சீமைதான் இன்றைய சாகுபுரம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், ஆறுமுகநேரியை ஒட்டி இருக்கிறது. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பதற்காக 1950-களின் கடைசியில் அங்கே ஒரு தொழிற்சாலை எழுந்தது. அதை நிறுவிய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. அந்த ஊரில், ரசாயன வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஒருநாள் உச்சி வெயிலில் கறுப்பு டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தார்.

"அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க. என்ன துணின்னு சொல்லுங்க பாப்போம்."

தொட்டேன். மிருதுவாக, பட்டுக்கு அண்ணன் தம்பி போல் இருந்தது.

"கம்பளி! மெல்போர்ன்ல இருந்து மவன் அனுப்பிருக்கான். மூணு நாளா இதத்தான் போட்டிருக்கேன். வாடை வருதா?"

வரவில்லை. முத்துக்கும் உப்புக்கும் பேர்போன இந்தக் கரையில், வேர்வை ஊற்றுகிற மத்தியானத்தில், ஒரு மனிதர் ஆட்டு ரோமத்தைத் தோலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு சௌக்கியமாக நிற்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கத்தானே வேண்டும்?

நம் பக்கத்தில் ஆடு உண்டு; கம்பளி கிடையாது. தூத்துக்குடிச் சீமைக்கு உரிய வேம்பூர் ஆட்டையும் கீழக்கரிசல் ஆட்டையும் பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் உடம்பில் இருப்பது குட்டை மயிர். நூற்கத் தகுந்த உரோமம் அன்று. கொங்கு நாட்டிலும் கன்னடச் சீமையிலும் உரோம ஆடுகள் உண்டு. அந்த உரோமத்தில் நெய்த கறுப்புக் கம்பளி மழைக்கும் பனிக்கும் இடையனுக்குப் பெரிய துணை. ஆனால் அதை வெற்று முதுகில் போர்த்திக்கொண்டு பாருங்கள், முள்ளம்பன்றியோடு படுத்த மாதிரி இருக்கும். ஆகவே "கம்பளி என்றால் குத்தும், கம்பளி என்றால் சுடும்" என்று நம் மனத்தில் ஊறிப் போய்விட்டது.

வெள்ளைக்காரர்கள் இதற்கு நேர் எதிரான மயக்கத்தில் இருந்தார்கள். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் வயிற்றைச் சுற்றி பிளானல் என்ற கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு 'காலரா பெல்ட்' என்றே பெயர். வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று வைத்தியர்கள் நம்பிய காலம் அது. 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைக் கண்டு சொன்ன பிறகும் அந்தப் பட்டை உடனே அவிழவில்லை. அதே 1880-களில் ஜெர்மனியில் குஸ்தாவ் யேகர் என்ற பேராசிரியர், உடம்பைத் தொடுகிற துணி எல்லாம் கம்பளியாகவே இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தார். அவர் சொல்லைக் கேட்டு பெர்னார்ட் ஷா தலை முதல் கால் வரை கம்பளியில் உலாவினார். ஒரு சாரார் கம்பளியைச் சர்வரோக நிவாரணி என்றார்கள். நாம் அதைக் கொடைக்கானலுக்குப் போகும்போது பெட்டியில் வைக்கிற வஸ்து என்கிறோம். இரண்டும் முழு உண்மை அல்ல.

உண்மை இழையின் பருமனில் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறார்கள். உரோமத்தின் முனை 30 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தால் அது வளையாமல் தோலைக் குத்தும். அதற்குக் கீழே போகப் போக, குத்துவதற்குப் பதில் வளைந்து கொடுக்கும். நல்ல மெரினோ ஆட்டின் உரோமம் 17, 18, 19 மைக்ரான். நம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நண்பரின் சட்டை உறுத்தாத ரகசியம் இவ்வளவுதான்.

இந்த மெல்லிய உரோமத்துக்காக ராஜ்யங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மெரினோவின் தாய்வீடு ஸ்பெயின் தேசம். 1273-ல் அந்நாட்டு அரசன் பத்தாம் அல்போன்ஸோ ஆட்டு மந்தைக்காரர்களின் 'மெஸ்தா' என்ற சங்கத்துக்குப் பெரிய சலுகைகள் தந்தான். கோடையில் வடக்கு மலைகளுக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிக்கும் போய் வரும் மந்தைகளுக்கு வழிவிட்டு, குடியானவன் தன் பயிரை ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உரோமம் கப்பல் கப்பலாக வெளியே போயிற்று. உயிருள்ள ஆடு மட்டும் எல்லை தாண்டக் கூடாது, தாண்டினால் கடும் தண்டனை. நம் கரையில் முத்துப்படுகையை எப்படிப் பாண்டியரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கம்பெனியாரும் காவல் காத்தார்களோ, அப்படிக் காத்தார்கள் ஆட்டை.

காவலை உடைத்தது கள்வன் அல்ல, உறவுமுறை. 1765-ல் ஸ்பெயின் அரசர் சாக்ஸனி தேசத்து உறவினருக்குச் சில நூறு ஆடுகளை அனுப்பினார். 1786-ல் பிரெஞ்சு அரசன் பதினாறாம் லூயி முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆடுகளை வாங்கி ராம்பூயே பண்ணையில் விட்டான். சில வருஷங்களில் அரசனின் தலை போயிற்று, மந்தை பிழைத்துக்கொண்டது. 1789-ல் ஆறே ஆறு மெரினோக்கள் டச்சுக்காரர் வசமிருந்த நன்னம்பிக்கை முனைக்கு, கர்னல் கார்டன் என்பவரிடம் போய்ச் சேர்ந்தன. 1795-ல் அவர் இறந்தார். பெருகியிருந்த ஆடுகளில் இருபத்துச் சொச்சத்தை அவருடைய விதவை விற்க, இரண்டு ஆங்கிலக் கப்பல் தலைவர்கள் வாங்கி 1797-ல் சிட்னியில் இறக்கினார்கள். கடலில் பல இறந்தன. எஞ்சியவற்றில் சில ஜான் மக்காதர் என்ற முரட்டு ராணுவ அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தன. அவர் சண்டையும் வழக்கும் கலகமுமாகக் கடல் கடந்து நாடு திரும்ப முடியாமல் கிடந்த வருஷங்களில், மந்தையைப் பெருக்கி வளர்த்தவர் அவருடைய மனைவி எலிசபெத். ஆஸ்திரேலியாவின் செல்வத்துக்கு அடிக்கல் நாட்டியதில் பாதிப் பங்காவது அந்த அம்மாளுக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கதையில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மெரினோ வருவதற்கு முன்பே, 1794-ல், மக்காதர் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் அறுபது வங்காள ஆடுகளை வாங்கினார். சிட்னிக் குடியேற்றத்தின் முதல் மந்தைகளில் அந்த ரத்தம் உண்டு. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் 'பூரூலா' என்ற ஒரு மெரினோ வகை ஒரே ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகள் போடுவதைக் கண்டு அதிசயித்தார்கள். அதற்குக் காரணமான மரபணுவை 2001-ல் அடையாளம் கண்டார்கள். அதே மரபணு சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் 'கரோல்' என்ற குள்ள ஆட்டிலும் இருந்தது! சேற்றில் முழங்கால் புதைய நிற்கிற ஓர் ஏழை வங்காளியின் ஆடு, ஸ்பெயின் ராஜகுலத்து ஆட்டுக்குச் சம்பந்தியானது இப்படித்தான்.

மெரினோவும் நம்மிடம் வந்திருக்கிறது. நீலகிரி ஆடு என்ற நம் மலை ஆடே, கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோ முதலிய சீமை ஆடுகள் கலந்து உண்டானது என்பார்கள். உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சிப் பண்ணையில் அதை மேலும் மெரினோவோடும் ராம்பூயேயோடும் சேர்த்து 'சாண்டினோ' என்று ஓர் இனம் கண்டார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பண்ணையில் 'பாரத் மெரினோ' மேய்கிறது. ஆனால் உலகத்துச் சந்தையில் மெல்லிய உரோமம் என்றால் இன்றும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான்.

"சரி, பருத்தி விளைகிற கரிசல் பூமியில் இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொள்ளுகிறவருக்கு நம் பருத்திப் பனியனே போதும். விலையும் பல மடங்கு குறைவு. ஆனால் நடக்கிறவருக்கும் ரயில் ஏறுகிறவருக்கும் கப்பலில் போகிறவருக்கும் கம்பளி சில உபகாரங்கள் செய்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நீராவியாக உள்ளே வாங்கிக்கொண்டும் நனைந்தது போல் காட்டாது. வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளாது. நாற்றத்தை எளிதில் வெளிவிடாது. வேர்த்த உடம்போடு குளிர்காற்று யந்திரம் ஓடுகிற அறைக்குள் நுழைந்தால் ஈரத்துணி தருகிற நடுக்கத்தைத் தராது. தீப்பொறி பட்டால் பருத்தி பற்றிக்கொள்ளும். கம்பளி கருகி நின்றுவிடும்.

இத்தனை குணமும் உள்ள சட்டையை ஒரே நாளில் பாழாக்க வேண்டுமா? நம் வழக்கப்படி வெளுத்தால் போதும்!

பருத்திக்கு நாம் செய்கிற மரியாதை எல்லாம் கம்பளிக்கு மரணம். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் காயப்போட்டு வெண்மையாக்குவது நம் வெளுப்புக் கலை. உவர்மண்ணிலும் சலவைச் சோடாவிலும் உள்ள காரம் பருத்தியைச் சுத்தமாக்கும். கம்பளியின் கட்டுக்கோப்பையே அறுத்துவிடும். சாகுபுரத்து நண்பர் ஒரு சோதனை சொன்னார். கண்ணாடிக் குப்பியில் நூற்றுக்கு ஐந்து பங்கு காஸ்டிக் சோடா கரைத்த நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பருத்தி நூலையும் ஒரு கம்பளி நூலையும் போட வேண்டும். சில நிமிஷங்களில் பருத்தி நூல் அப்படியே கிடக்கும். கம்பளி நூல் இருந்த இடம் தெரியாது. நெசவுத் தொழில் படிக்கிற பிள்ளைகள் கலப்புத் துணியைக் கண்டுபிடிக்கச் செய்கிற சோதனை அது.

முத்து இதற்கு நேர்மாறு. அது சுண்ணாம்புச் சத்து. காரத்தைப் பொறுக்கும், புளிப்பைப் பொறுக்காது. வேர்வை பட்டுக்கொண்டே இருந்தால் முத்து ஒளி மங்கும். கம்பளிக்கு லேசான புளிப்பு கெடுதலே இல்லை. மார்க்கோ போலோ கண்ட அரசன் கழுத்து முத்தையும் நண்பரின் சட்டையையும் ஒரே தொட்டியில் அலச முடியாது!

இன்னொரு வேடிக்கை. உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவோடு குளோரினும் வருகிறது. கம்பளியைக் கரைக்கிறது சோடா. யந்திரத்தில் துவைக்கிற கம்பளி செய்ய உதவுகிறது குளோரின்! கம்பளி இழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பனைமரத்துச் செதில் போல் ஒரே திசையில் அடுக்கு அடுக்காய் இருக்கும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் செதிலும் செதிலும் மாட்டிக்கொண்டு, அப்பா சட்டை பிள்ளைக்கு ஆகிவிடும். ஆலையில் அளவாகக் குளோரின் காட்டி, அந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பூச்சுக் கொடுக்கிறார்கள். வீட்டில் பிளீச்சிங் நீரை ஊற்றி இதைச் செய்து பார்க்க வேண்டாம், சட்டை மிஞ்சாது.

ஆகவே குளிர்ந்த நீர் போதும். நம் பாட்டிமார் பட்டுக்கு வைத்த பூவந்திக்கொட்டையே கம்பளிக்கும் ஏற்றது. அது கிடைக்காதவர்கள் காரமில்லாத சோப்பு வாங்கிக்கொள்ளலாம். அடிக்காமல், முறுக்காமல், மெல்ல அழுத்தி அலசி, உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் படுக்கைவாட்டில் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டு போகும். ஒவ்வொரு நாளும் துவைக்கவும் வேண்டியதில்லை. இரவில் காற்றாடப் போட்டால் காலையில் புதிதாகிவிடும். எடுத்து வைக்கும்போது மட்டும் துவைத்தே வைக்க வேண்டும். பூச்சிக்குப் பிடித்தது வேர்வையும் அழுக்கும் ஏறிய கம்பளி.

இவ்வளவு பத்தியம் எதற்கு என்று சலித்துக்கொள்ளுகிறவர்களுக்கு ஒரு சேதி. 2015-ல் ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்துக்கு அருகே, மந்தையிலிருந்து தப்பி வருஷக்கணக்காய்க் காட்டில் திரிந்த ஒரு மெரினோ ஆட்டைப் பிடித்தார்கள். நடக்க முடியாமல் நின்ற அதன் உடம்பிலிருந்து கத்தரித்த உரோமம் 41 கிலோவுக்கு மேல். காட்டாடு தன் உரோமத்தைப் பருவத்தில் தானே உதிர்த்துக்கொள்ளும். மனிதன் மெல்லிய உரோமம் வேண்டும், நிறைய வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து, உதிர்க்கத் தெரியாத ஆட்டை உண்டாக்கிவிட்டான். உரோமம் மிகுவதற்காகத் தோலில் மடிப்பு மடிப்பாக வளர்த்தான்; மடிப்பில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தது; புழுவைத் தடுக்கப் பின்புறத் தோலையே அறுத்தெடுக்கிற கொடிய வழக்கம் ஆஸ்திரேலியாவில் பரவியது. நியூசிலாந்து 2018-ல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. சட்டை வாங்கும்போது, அந்த அறுப்பு இல்லாத பண்ணையின் உரோமமா என்று சீட்டைப் பார்த்து வாங்குவது நம்மால் ஆகிற காரியம்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். ஒரு நல்ல முத்துக்காக ஆயிரக்கணக்கான சிப்பிகளைப் பிளந்து போட்ட கரை இது. இன்று முத்தும் இல்லை, தோணித்துறையில் அந்த ஆரவாரமும் இல்லை. ஆடு அப்படியல்ல; உயிரோடு நின்று வருஷா வருஷம் தருகிறது. அது தந்ததைப் பத்து வருஷம் உழைக்கும்படி வைத்துக்கொள்ளுகிறவன், அடுத்த சட்டைக்காக அதைத் தொந்தரவு செய்வதில்லை. கம்பளி போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் சோடா டப்பாவை எட்டாத அலமாரியில் வைக்கட்டும். மற்ற நன்மை எல்லாம் பின்னாலேயே வரும்.